இதயம் ஒன்று, மருத்துவர்கள் பலர்

நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். ஒரு டாக்டர் பார்க்கிறார். அவர் இன்னொரு டாக்டரிடம் அனுப்புகிறார். "ஏன் இப்படி அலைய விடுகிறார்கள்?" என்று நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் அலைச்சல் குறையும். உயிரையும் காப்பாற்றலாம்.

மோட்டாரும் குழாயும்

கிணற்று மோட்டார் தண்ணீரை இறைக்கிறது. குழாய் அதைக் கொண்டுபோகிறது. மோட்டார் ஓட மின்சாரம் வேண்டும். நம் உடம்பிலும் இப்படித்தான். இதயம் நிமிடத்துக்குச் சுமார் 70 தடவை துடித்து ரத்தத்தை இறைக்கிறது. ரத்தக்குழாய்கள் அதை உடம்பெங்கும் கொண்டுபோகின்றன. இதயத்துக்குள்ளேயே சிறிதளவு மின்சாரம் உண்டாகிறது. ஈ.சி.ஜி. எடுப்பது அதைப் பார்க்கத்தான். பழுது எங்கே இருக்கிறதோ, அதற்கேற்ற மருத்துவர் தேவை.

யார் என்ன செய்கிறார்?

பொது மருத்துவர்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் பார்ப்பவர் இவர். ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைக் கட்டுப்படுத்துகிறார். யாரிடம் அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்பவரும் இவரே.

இதயநோய் மருத்துவர்: இவர் நெஞ்சைத் திறப்பதில்லை. மருந்து கொடுக்கிறார். மணிக்கட்டு அல்லது தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்துகிறார். அடைப்பைப் படம் பிடிக்கிறார். இதுதான் ஆஞ்சியோகிராம். தேவைப்பட்டால் சிறு பலூனை ஊதி அடைப்பை விரிக்கிறார். அங்கே ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாயை வைக்கிறார். இந்தப் பலூன் சிகிச்சை 1977-ல் சுவிட்சர்லாந்தில் தொடங்கியது.

இதய அறுவை மருத்துவர்: பல குழாய்கள் அடைத்திருந்தாலோ, வால்வு கெட்டிருந்தாலோ இவர் தேவைப்படலாம். காலிலிருந்தோ மார்பிலிருந்தோ ரத்தக்குழாயை எடுத்து, அடைப்பைத் தாண்டி இணைக்கிறார். வாய்க்கால் அடைத்த இடத்தில் பக்கத்தில் புது வாய்க்கால் வெட்டுவது போல. இதற்குப் பைபாஸ் என்று பெயர். இந்தியாவில் 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் முதல் பைபாஸ் ஆபரேஷனைச் செய்தார்.

ரத்தநாள அறுவை மருத்துவர்: கை, கால், கழுத்து, வயிறு ஆகிய இடங்களின் குழாய்களைக் கவனிப்பவர். நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும். நின்றால் வலி போய்விடும். இது கால் குழாயில் அடைப்பு இருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். பீடி குடிப்பவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இது அதிகம். கவனிக்காவிட்டால் காலை இழக்க நேரிடும்.

இவர்கள் ஏன் சேர்ந்து பார்க்கிறார்கள்?

காலில் அடைப்பு உள்ளவருக்கு இதயத்திலும் அடைப்பு இருக்கலாம். அதனால் காலைப் பார்ப்பவர் இதயத்தையும் சோதிக்கச் சொல்கிறார். பலூன் சிகிச்சையா, ஆபரேஷனா என்பதை இரு மருத்துவர்கள் கலந்து முடிவு செய்வதும் உண்டு. நம்மை அனுப்பி வைப்பது தட்டிக் கழிப்பது அல்ல.

அவசரத்தில் என்ன செய்வது?

நடு நெஞ்சில் பாரம், இடது கையிலோ தாடையிலோ வலி, குப்பென்று வியர்வை, மூச்சுத் திணறல். இவை மாரடைப்பின் அறிகுறிகள். சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சு வலி இல்லாமலும் மாரடைப்பு வரலாம். "வாய்வுதான்" என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். பெரிய டாக்டரைத் தேடித் தூரத்து நகரத்துக்கு ஓடவும் வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள். ஈ.சி.ஜி. வசதியுள்ள பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பல மருத்துவமனைகளில் உடனே போட முடியும். நேரம் போகப் போக இதயத் தசை செத்துக்கொண்டே போகும். அது திரும்ப வளராது.

ஈ.சி.ஜி. தாள், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். ஒவ்வொரு மருத்துவரிடமும் அதைக் காட்டுங்கள். ஆஸ்பத்திரியில் பெயர்ப் பலகையைப் படியுங்கள். "இதயநோய்ப் பிரிவு", "இதய அறுவை சிகிச்சைப் பிரிவு" இரண்டும் வேறு வேறு. இப்போது நமக்குப் படிக்கத் தெரியும் அல்லவா?

கலந்து பேசுவோம்

1. நம் ஊருக்குப் பக்கத்தில் ஈ.சி.ஜி. எடுக்கும் வசதி எங்கே இருக்கிறது?
2. நம் வீட்டில் 30 வயதைத் தாண்டியவர்கள் ரத்த அழுத்தம் பார்த்திருக்கிறார்களா?
3. இரவில் நெஞ்சு வலி வந்தால் யார் யார் உதவிக்கு வருவார்கள்?