இயந்திரத்தை மாற்றுமுன் அடிச்சட்டத்தைத் தட்டிப் பாருங்கள்

கனடாவில் சொந்தத் தொழில் தொடங்கும் நம்மவருட் பலருக்கு ஒரு பழைய பிக்கப் வாகனமே முதலீடாக அமைகிறது. புல்வெட்டும் கருவிகளும், வர்ணப்பூச்சு வாளிகளும், வீடு மாறுவோரின் தளபாடங்களும் அதன் பின்தட்டில் ஏறுகின்றன. அத்தகைய வாகனத்தின் இயந்திரம் நின்றுபோனால் அந்த மாத வாடகையே கேள்விக்குறியாகிவிடும். புதிய வாகனத்துக்குக் கடன் கிடைப்பது அரிது. சீட்டுக் காசு கைக்கு வர இன்னும் நாளிருக்கும். "வேறு எஞ்சின் போட்டால் என்ன?" என்ற யோசனை அப்போதுதான் எழுகிறது. சில வேளைகளில் அது மிக நல்ல யோசனை. வேறு சில வேளைகளிலோ, கையில் எஞ்சியுள்ள பணத்தையும் அது கரைத்துவிடும்.

1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தோர், பழைய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதைக் கண்டிருப்பர். சிறிதளவு பெற்றோலை விட்டு முடுக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடவைத்த அந்தக் கைத்திறன் சாதாரணமானதன்று. ஆனால் அங்கே பாகம் கிடைக்கவில்லை, தொழிலாளியின் நேரம் கிடைத்தது. இங்கே பாகம் எங்கும் கிடைக்கிறது. மெக்கானிக்கின் மணித்தியாலத்துக்குத்தான் பெருவிலை. ஊர்க் கணக்கை இங்கே போட்டால் விடை பிழைத்துவிடும்.

முதலில் வாகனத்தின் அடியைப் பார்க்கவேண்டும். ஒன்ராறியோவின் குளிர்காலத் தெருக்களில் கொட்டப்படும் உப்பு, நம்மவர் 'செசி' என்று சொல்லும் அடிச்சட்டத்தை உள்ளிருந்து தின்கிறது. ஒரு சிறு சுத்தியலால், சாரதி ஆசனத்துக்குப் பின்புறமுள்ள பகுதியையும் வில்லுத்தகடுகள் பொருந்தும் இடங்களையும் தட்டிப் பாருங்கள். கணீரென ஒலித்தால் நன்று. மந்தமாக ஒலித்து, துருச் செதில்கள் உதிர்ந்தால், இயந்திரத்தைப் பற்றி மேலும் பேசுவதில் பயனில்லை. ரொயோட்டா நிறுவனமே, 1995 முதல் 2000 வரையான டகோமா பிக்கப்புகளின் அடிச்சட்டத் துருவுக்கு, 2008 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் 15 ஆண்டு உத்தரவாதம் அளித்து, மிக மோசமானவற்றை உரிமையாளரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டது. ஒன்ராறியோவில் வாகனத்தை வேறொருவருக்கு விற்று, அவர் அதைத் தெருவில் ஓட்டுவதற்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். 36 நாட்களுக்குச் செல்லுபடியாகும் அச்சான்றிதழ் பிறேக், ஸ்ரியறிங், அடிச்சட்டம் ஆகியவற்றைப் பார்க்குமேயன்றி, நீங்கள் செலவு செய்து போட்ட இயந்திரத்தின் மேன்மைக்கு மதிப்பெண் கொடாது.

அடுத்து, பழைய இயந்திரம் உண்மையில் இறந்துவிட்டதா என்று அறியவேண்டும். 1995 வரை வட அமெரிக்காவில் விற்பனையான ரொயோட்டா பிக்கப்பின் 22ஆர்-ஈ இயந்திரத்தை உதாரணமாகக் கொள்வோம். நான்கு சிலிண்டர்கள், 2.4 லீற்றர், நெடுங்காலம் உழைப்பதற்குப் பெயர்பெற்றது. இதன் பெருங்குறை ரைமிங் செயினை நெறிப்படுத்தும் பிளாஸ்ரிக் தகடுகள். அவை உடைந்ததும், தளர்ந்த செயின் மூடியின் உட்புறத்தை அராவி, நாளடைவில் நீர்வழியையே துளைத்துவிடும். அப்போது கூலன்ற் ஒயிலுடன் கலந்து, ஒயில் பாற்தேநீர் நிறமாகும். காலையில் முடுக்கியவுடன் முன்பக்கத்திலிருந்து கலகலவென்ற ஒலி எழுந்தால், அது எச்சரிக்கை. அந்த நிலையிலேயே செயினையும், உலோக முதுகுள்ள தகடுகளையும், மூடியையும் மாற்றினால் முழு இயந்திரத்தையும் காப்பாற்றலாம். ஒலியைக் கேட்டும் கேளாதவர்போல் மாதக்கணக்கில் ஓடியோருக்கே பெருஞ்செலவு வருகிறது.

சிலிண்டர் அமுக்கத்தை அளக்கும் மானி விலை குறைந்த கருவி. இந்த இயந்திரத்தில் சதுர அங்குலத்துக்கு 171 இறாத்தல் நல்ல அளவு. 142க்குக் கீழே போகக்கூடாது. சிலிண்டர்களுக்கிடையே வேறுபாடு 14ஐத் தாண்டக்கூடாது. குறைவாயுள்ள சிலிண்டருக்குள் சிறிது ஒயில் விட்டு மீண்டும் அளந்து பாருங்கள். அளவு உயர்ந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன. உயராவிட்டால் பழுது வால்விலோ தலையின் காஸ்கெற்றிலோ இருக்கலாம். அதற்கு முழு இயந்திரமும் வேண்டியதில்லை.

மாற்றியே ஆகவேண்டுமெனில் மூன்று வழிகளுண்டு. பழைய வாகனங்களை உடைத்து விற்கும் யாட்டில் ஓடிய இயந்திரம் வாங்கலாம். மீளக் கட்டிய இயந்திரம் வாங்கலாம். உங்கள் இயந்திரத்தையே கழற்றிக் கட்டுவிக்கலாம். மூன்றாவது மிகுந்த நேரத்தை விழுங்கும். மீளக் கட்டியதை வாங்கும்போது விலைக்கு மேல் ஒரு வைப்புப்பணமும் கேட்பர். பழைய இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் அது மீளும் என்பதால், அதை இரும்புக்கு விற்றுவிடாதீர்கள். யாட்டில் வாங்குவோர் ஆண்டை ஒத்துப் பார்க்கவேண்டும். 1985இல் இந்த இயந்திரத்தின் புளொக்கும் தலையும் மாற்றியமைக்கப்பட்டன. முந்தியதன் தலை பிந்தியதில் சரிவரப் பொருந்தாது. காபிறேற்றர் உள்ள 22ஆர் வேறு, மின்னியல் முறையில் எரிபொருள் பீச்சும் 22ஆர்-ஈ வேறு.

பற்றுச்சீட்டு இல்லாமல் எந்த இயந்திரத்தையும் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாயினும். எந்த வாகனத்திலிருந்து கழற்றியது என்ற அடையாள இலக்கமும், திகதியும், உத்தரவாத நாட்களும் அதில் எழுதப்பட்டிருக்கவேண்டும். களவுப் பொருள் என்று பின்னர் தெரியவந்தால், குடிவரவு விசாரணை முடியாதிருக்கும் ஒருவருக்கு அதன் தொல்லை இயந்திரத்தின் விலையோடு நின்றுவிடாது. "எங்கடை ஆள்தானே, துண்டு எதுக்கு?" என்று கேட்பவரிடம் சற்றுக் கண்டிப்பாகவே இருங்கள்.

கணக்கில் வராமற் போவன சில்லறைப் பொருள்கள். கிளச், பின்புற ஒயில் சீல், வோட்டர் பம், றப்பர்க் குழாய்கள், இயந்திரத்தைத் தாங்கும் றப்பர்கள் ஆகியவற்றை இயந்திரம் வெளியே இருக்கும்போது மாற்றுவது எளிது. பின்னர் மாற்றினால் அதே கூலியை மறுபடி கொடுக்க நேரும். இவற்றையும் கூட்டி வரும் தொகை, துருவில்லாத வேறொரு பிக்கப்பின் விலையை நெருங்குமாயின், இயந்திர யோசனையைக் கைவிடுவதே புத்தி.

மெக்கானிக் வேலை தெரிந்த நண்பர் உதவ வந்தாலும், தொடர்மாடி வாகனத் தரிப்பிடத்தில் வைத்துக் கழற்றாதீர்கள்; வீட்டு நிர்வாகத்தோடு வழக்காகும். கராஜ் கூரையின் மரவளையில் செயின் புளொக் கட்டுவதும் கூடாது; அது இயந்திரப் பாரத்துக்காக வைத்த மரமன்று. பாரந்தூக்கி வாடகைக்குக் கிடைக்கிறது. ஜக்கை மட்டும் நம்பி ஒருவரும் வாகனத்தின் கீழ் படுக்கவேண்டாம். இரும்புத் தாங்கிகள் அவசியம். குளிரூட்டி வாயுவை வெளியே திறந்துவிடுவது கனடாவில் சட்டவிரோதம். வடித்த கூலன்ற் இனிக்கும், அது நஞ்சு. பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு நிமிடமும் திறந்து வைக்கக்கூடாது.

பொருத்தி முடிந்ததும் உடனே முடுக்காமல், தீப்பொறி வராதபடி கொயிலின் இணைப்பைக் கழற்றிவிட்டு ஸ்ராட்டரால் சில தடவை சுழற்றி, ஒயில் அமுக்கம் ஏறுகிறதா என்று பாருங்கள். மீளக் கட்டிய இயந்திரமாயின் முதல் 800 கிலோமீற்றரில் ஒயிலையும் வடிகட்டியையும் மாற்றி, இயந்திரம் சூடாயிருக்கையில் வால்வு இடைவெளிகளை அளந்து சரிசெய்யவேண்டும்: உள்வழிக்கு 0.20 மில்லிமீற்றர், வெளிவழிக்கு 0.30. அதுவரை பின்தட்டில் கல்லும் மண்ணும் ஏற்றாதிருப்பது நல்லது.