விளக்கு நம் வீட்டில், சுவிட்ச் எங்கே?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை. வீட்டில் மின்சாரம் இருந்தது. இணையம் மட்டும் துண்டிக்கப்பட்டிருந்தது. ஆசையாக வாங்கி மாட்டியிருந்த வைஃபை விளக்கை எரியவைக்கத் திறன்பேசியில் தட்டினேன். எரியவில்லை. "சுவத்துல இருக்கிற சுவிட்ச்ச அணைச்சுப் போடேன்" என்றார் அம்மா. போட்டேன், எரிந்தது.

மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் இதை வேடிக்கையாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மாணவி மட்டும் சிரிக்காமல் கேட்டாள்: "சார், போனும் வீட்டுலதான் இருக்கு, பல்பும் வீட்டுலதான் இருக்கு. நடுவுல இன்டர்நெட் எதுக்கு சார்?"

அறிவியல் ஆசிரியரான எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. விடை தேடியதில் அறிந்தவற்றை இங்கே பகிர்கிறேன்.

கட்டளை போகும் பாதை

நாம் வெளியூரில் இருக்கும்போதும் வீட்டு விளக்கை இயக்க முடிய வேண்டும். ஆனால், வீட்டிலுள்ள ரவுட்டர் வெளியிலிருந்து வரும் அழைப்புகளைப் பொதுவாக உள்ளே விடாது. எனவே, விளக்கு தானாகவே நிறுவனத்தின் சர்வரைத் தொடர்புகொண்டு, அந்த இணைப்பை விடாமல் பிடித்துக்கொள்கிறது. நமது செயலியும் அதே சர்வருடன் பேசுகிறது. செயலியில் தட்டியதும் கட்டளை சர்வருக்குப் போய், அங்கிருந்து விளக்குக்குத் திரும்பி வருகிறது. இதைத்தான் 'கிளவுட்' வழி இயக்கம் என்கிறோம்.

இதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால், நாம் விளக்கின் அருகிலேயே நின்றாலும் பல கருவிகள் இதே சுற்றுப்பாதையைத்தான் பயன்படுத்துகின்றன. நான்கு அடி தூரத்திலுள்ள விளக்குக்கான கட்டளை எங்கோ இருக்கும் கணினிக்குப் போய் வருகிறது. அதனால்தான் அன்று என் விளக்கு எரியவில்லை.

பாதையில் தங்குபவை

அஞ்சலகம் வழியாகப் போகும் கடிதத்தில் முத்திரை விழுவதுபோல, சர்வர் வழியாகப் போகும் கட்டளையும் அங்கே பதிவாகலாம். விளக்கு எரிந்த நேரம் சிறிய செய்திதான். ஒரு மாதப் பதிவைச் சேர்த்துப் பார்த்தால் நாம் எப்போது எழுகிறோம், எப்போது உறங்குகிறோம், வீடு எந்நேரம் பூட்டிக்கிடக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

இதைப் படித்தபோது எனக்கு விளக்கு மறந்துபோய், கேமரா நினைவுக்கு வந்தது. அம்மா ஒருமுறை கால் இடறி விழுந்தபின், பள்ளியிலிருந்தபடியே அவரைப் பார்த்துக்கொள்ள அவர் படுக்கும் அறையில் ஒரு கேமரா வைத்திருந்தேன். அதன் காட்சிகள் என் திறன்பேசிக்கு வருவதற்கு முன் ஒரு நிறுவனத்தின் சர்வரில் சேமிக்கப்பட்டுவந்தன.

என் அச்சம் வெறும் கற்பனை அன்று. அமெரிக்காவில் வீட்டுக் கேமராக்கள் விற்கும் ரிங் நிறுவனத்தின் மீது, வாடிக்கையாளரின் தனிப்பட்ட காட்சிகளைப் பணியாளர்கள் பார்க்க இடமளித்ததாக அந்நாட்டுக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2023 மே மாதம் குற்றம் சாட்டியது. நிறுவனம் 58 லட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. அதே நாளில், குழந்தைகளின் குரல் பதிவுகளை விதிகளுக்கு மாறாக வைத்திருந்ததாக அலெக்ஸா மீதும் நடவடிக்கை வந்தது. அதற்கு அமேசான் 2.5 கோடி டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது.

இன்னொரு சிக்கலும் உண்டு: சர்வரை நிறுத்திவிட்டால் கருவியும் நின்றுவிடும். வீட்டுக் கருவிகளை ஒருங்கிணைக்கும் ரிவால்வ் என்ற சாதனம் 300 டாலருக்கு விற்கப்பட்டது. அந்நிறுவனத்தை 2014இல் நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை மூடியதும், காசு கொடுத்து வாங்கியவர்களிடம் பயனற்ற பெட்டிதான் மிஞ்சியது.

சர்வரை வீட்டுக்கே கொண்டுவருதல்

சர்வர் என்பதும் ஒரு கணினிதான். அது நம் வீட்டிலேயே இருக்கலாம். இதற்கென ஹோம் அசிஸ்டென்ட் என்ற கட்டற்ற மென்பொருள் 2013 முதல் வளர்ந்துவருகிறது. ராஸ்பெர்ரி பை போன்ற கையடக்கக் கணினியிலோ பழைய மடிக்கணினியிலோ அதை நிறுவலாம். நான் மூலையில் கிடந்த பழைய மடிக்கணினியைப் பயன்படுத்தினேன்.

வைஃபை விளக்குக்குப் பதிலாக ஜிக்பீ வகை விளக்கு வாங்கினேன். அது குறுகிய தூர ரேடியோ அலையில், மடிக்கணினியில் செருகிய சிறு யூ.எஸ்.பி. கருவியோடு மட்டும் பேசும். தானாக இணையத்துக்குப் போகாது. பழைய கேமரா சர்வர் இல்லாமல் இயங்க மறுத்தது. ஆகவே, ஓன்விஃப் என்ற பொதுத் தரத்தை ஏற்கும் வேறொரு கேமரா வாங்கினேன். அதன் பதிவுகள் வீட்டிலேயே தங்குகின்றன. கேமரா வெளி இணையத்தைத் தொடாதபடி ரவுட்டரில் தடை போட்டேன். பள்ளியிலிருந்து பார்க்க வி.பி.என். வழியாக மட்டும் நுழைகிறேன்.

இதில் சிரமங்கள் உண்டு. மென்பொருளைப் புதுப்பிப்பதும், பதிவுகளுக்கு நகல் எடுப்பதும், வலுவான கடவுச்சொல் வைப்பதும் இனி நம் பொறுப்பு. மடிக்கணினி பழுதானால் நாமே சரிசெய்ய வேண்டும். அதற்கு நேரமில்லாதவர்கள், சுவர் சுவிட்ச்சே போதுமான இடத்தில் 'ஸ்மார்ட்' கருவி வாங்காமலிருப்பதே நல்லது.

வகுப்பறைக்கு ஒரு செயல்பாடு

மாணவியின் கேள்வியையே செயல்பாடாக மாற்றினேன். தம் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இணையத்தோடு இணைந்த கருவிகளை மாணவர்கள் பட்டியலிட்டார்கள். பெரியவர்களின் அனுமதியோடு, ரவுட்டரை அணைக்காமல், அதற்கு வரும் இணையக் கம்பியை மட்டும் கழற்றி, எந்தக் கருவி இயங்குகிறது, எது நிற்கிறது என்று குறித்துவந்தார்கள். பிறகு, ஒவ்வொரு கட்டளையும் போகும் பாதையை அம்புக்குறியிட்டு வரைந்தார்கள். கணினி வலையமைப்பு பற்றி நான் கரும்பலகையில் விளக்கியதைவிட அந்தப் படங்கள் தெளிவாக இருந்தன.

பள்ளிக்குக் கேமராவோ வருகைப்பதிவுச் செயலியோ வாங்கும்போதும் இதே கேள்விகளைக் கேட்கலாம்: பதிவு எங்கே சேமிக்கப்படுகிறது? யார் யார் பார்க்கலாம்? எத்தனை நாளில் அழிக்கப்படும்? இணையம் இல்லாவிட்டால் இயங்குமா? 2023ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. விதிவிலக்குகள் இருந்தாலும், குழந்தையின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பதே அதன் பொது விதி.

அம்மா கேட்டது

எல்லாம் முடிந்தபின் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்: "இனிமே வெளியாள் யாரும் பார்க்க முடியாதும்மா. எல்லாம் நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கும்."

"அது சரிடா. நான் தூங்குறத நீ பார்க்கிறியே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார்.

பதிவு எங்கே போகிறது என்று அத்தனை நாள் தேடிய நான், பதிவாகிறவரைக் கேட்கவே இல்லை. சர்வரை வீட்டுக்குக் கொண்டுவந்தது நிறுவனத்தின் பார்வையைத் தடுத்ததே தவிர, என் பார்வைக்கு அனுமதி வாங்கித் தரவில்லை. வகுப்பறையில் கேமரா வைக்கும்போதும், பிள்ளைகளின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் பகிரும்போதும் இதே கேள்வி நம் முன் நிற்கிறது.

இருவரும் உட்கார்ந்து பேசினோம். இப்போது கேமரா கூடத்தில், அவர் நடமாடும் வழியைப் பார்த்தபடி இருக்கிறது. படுக்கையருகே, அழுத்தினால் என் திறன்பேசியில் ஒலிக்கும் ஒரு சிறு பொத்தானை ஒட்டியிருக்கிறோம். அதை எப்போது அழுத்துவது என்பதை அம்மாதான் முடிவுசெய்கிறார்.