படிவத்தில் ஒரு கட்டம்

"ஹார்மோன் மாத்திரை போடுறவ கிட்னி கொடுக்கலாமாண்ணே?"

வில்லிவாக்கத்தில் ஒரு டீக்கடை பெஞ்சு. கேட்டவள் திருநங்கை, வயது 35. பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே வரும் சினேகிதனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அவன் வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை, மற்றவருக்கு ரத்தப் பிரிவு சேரவில்லை. இவளுக்கு ஓ பாசிட்டிவ். சிறுநீரகப் பிரிவில் பல வருஷம் ஆலோசகராக இருந்தவன் என்று யாரோ சொல்லி என்னைத் தேடி வந்திருக்கிறாள்.

கொடுக்கலாம். மாத்திரை சாப்பிடுகிறாய் என்ற ஒன்றுக்காக மட்டும் உன்னைத் திருப்பி அனுப்ப மருத்துவத்தில் நியாயம் இல்லை என்றேன். ஆனால் அந்த மாத்திரையை டாக்டரிடம் மறைத்தால் நானே வந்து காட்டிக்கொடுப்பேன். சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

முதல் சிக்கல், பரிசோதனைப் படிவத்தில் 'பாலினம்' என்ற சின்னக் கட்டம். தசையிலிருந்து உண்டாகும் கழிவு கிரியேட்டினின். சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே தள்ளுகிறது. ரத்தத்தில் அது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, வயதையும் பாலினத்தையும் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டு, நிமிடத்துக்கு எத்தனை மில்லி சுத்தமாகிறது என்று கணக்கிடுகிறார்கள். ஆணுக்குச் சராசரியாகத் தசை அதிகம் என்பதால் பாலினம் தேவைப்படுகிறது. இப்போது பரவலாகப் பயன்படும் 2021-ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் 35 வயது, கிரியேட்டினின் 1.0 என்று போட்டுப் பார். ஆண் என்று குறித்தால் ஏறக்குறைய 100. பெண் என்று குறித்தால் 75. ரத்தம் ஒன்றுதான்! தானம் கொடுப்பவருக்கு 90-க்கு மேல் இருந்தால் தடையில்லை, 60-க்குக் கீழே போனால் கூடாது, நடுவில் இருந்தால் ஆளைப் பார்த்து முடிவு என்பது சர்வதேச வழிகாட்டி. ஆக, பேனாவால் போடும் ஒரு டிக், உன்னைத் தேறியவளாகவோ சந்தேகக் கேஸாகவோ ஆக்கிவிடும்.

"அப்போ எனக்கு எது சரி?"

இரண்டுமே முழுக்கச் சரியில்லை. ஈஸ்ட்ரோஜனும், ஆண் ஹார்மோனை அடக்கும் மருந்தும் மாதக்கணக்கில் உள்ளே போகும்போது தசை குறைகிறது, கிரியேட்டினினும் இறங்குகிறது. ஆண் கணக்கில் போட்டால் உன் சிறுநீரகம் இருப்பதைவிடக் கெட்டிக்காரத்தனமாகத் தெரியலாம். பெண் கணக்கில் போட்டால் பாவம், மக்காகத் தெரியலாம். அதனால் சூத்திரத்தை நம்பி உட்காராமல் நேரடியாக அளக்கச் சொல். சிறிதளவு கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, அது எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று பார்ப்பார்கள். டிடிபிஏ ஸ்கேன் என்று கேட்டால் தெரியும். தசையை அதிகம் சாராத சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனையும் உண்டு.

அடுத்தது, ஸ்பைரோனோலாக்டோன். ஆண் ஹார்மோனை அடக்கத் தரும் இந்த மாத்திரை அடிப்படையில் ரத்த அழுத்த மருந்து. சிறுநீரகத்தில் வேலை செய்து பொட்டாசியத்தை ஏற்றும். இதைச் சொல்லாமல் போனால் உன் அழுத்தம் 120 என்று காட்டும். நிஜத்தில் அது மாத்திரையின் 120. கொடுப்பவருக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறதா என்பதே தேர்வின் பெரிய கேள்வி. மறைக்காதே என்று சொன்னது இதற்காகத்தான்.

டீ மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பையனுக்கும் ஹார்மோன் போயிடாதா?" போகாது. ஹார்மோன் ரத்தத்தில் ஓடுவது. எடுத்த சிறுநீரகத்தைக் குளிர்ந்த திரவம் செலுத்திக் கழுவித்தான் அடுத்தவருக்கு வைப்பார்கள்.

பயப்பட வேண்டியது ரத்தக்கட்டுக்கு. ஈஸ்ட்ரோஜனை வாய்வழியாக விழுங்கினால் அது முதலில் கல்லீரலுக்குப் போகிறது. ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கல்லீரல் கூடுதலாகச் செய்கிறது. தோலில் ஒட்டும் பட்டைக்கும் தடவும் ஜெல்லுக்கும் இந்த ஆபத்து குறைவு. அறுவை சிகிச்சை, படுக்கை, அசையாத கால் எல்லாம் சேர்ந்தால் காலில் கட்டு உருவாகி நுரையீரலுக்குப் போகலாம். நம் ஊரில் பலர் டாக்டரைப் பார்க்காமல் மெடிக்கல் ஷாப்பில் கருத்தடை மாத்திரையை வாங்கி இரண்டு மூன்றாக விழுங்குகிறார்கள். அதில் இருக்கும் எத்தினில் ஈஸ்ட்ராடியால் கட்டு உண்டாக்குவதில் இன்னும் மோசம். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். நான் கேட்கவில்லை.

ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பே ஈஸ்ட்ரோஜனை நிறுத்தச் சொல்பவர்கள் உண்டு. எல்லோருக்கும் நிறுத்த வேண்டியதில்லை, பட்டைக்கு மாற்றினால் போதும் என்பவர்களும் உண்டு. நிறுத்துவதும் லேசான காரியமில்லை. நிர்வாணம், அதாவது விரை நீக்கும் அறுவை, ஆனவளுக்கு வேறு பாலின ஹார்மோன் உடம்பில் அதிகம் சுரக்காது. அனல் அடிக்கும், தூக்கம் போகும், மனசு சோர்ந்துபோகும். ஆகாதவளுக்குப் பழைய ஹார்மோன் எட்டிப் பார்க்கும். எதுவானாலும் மயக்க மருந்து டாக்டரும் ஹார்மோன் டாக்டரும் சேர்ந்து பேசட்டும். ரத்தம் உறையாமலிருக்க ஊசி, இறுக்கமான காலுறை, மறுநாளே நடை. பிறகு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் பக்கம் போகக் கூடாது. ஒற்றைச் சிறுநீரகத்துக்கு அவை ஆகாது.

"செத்துப்போவேனா?" பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், கொடுத்த 90 நாளுக்குள் இறந்தவர்கள் பத்தாயிரத்தில் சுமார் மூன்று பேர். குறைவுதான், பூஜ்யம் இல்லை.

இரண்டாவது டீ வந்தது. உண்மையில் கஷ்டமான பகுதி இங்கேதான் தொடங்குகிறது: காகிதம்.

1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் மனைவி ஆகியோர் நெருங்கிய உறவு. 2011 திருத்தம் தாத்தா பாட்டியையும் பேரப்பிள்ளைகளையும் சேர்த்தது. சினேகிதன் அதில் இல்லை. உன்னை மகளாக ஏற்றுக்கொண்ட திருநங்கை அம்மாவும் இல்லை. பாசத்தாலும் பற்றாலும் கொடுக்கலாம் என்று சட்டம் வழி விடுகிறது, ஆனால் அங்கீகாரக் குழு அனுமதிக்க வேண்டும். ஏன் இத்தனை கெடுபிடி என்றால், நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊரையே கேள். ஏழைகள் சிறுநீரகம் விற்ற காலத்தில் இதற்குக் 'கிட்னிவாக்கம்' என்று பேர்.

குழு மூன்று வருஷ வருமானம் கேட்கும், இடைத்தரகர் உண்டா என்று துருவும். அதோடு, நீங்கள் இருவரும் சேர்ந்திருக்கும் பழைய போட்டோ கேட்கும். உன் நெருங்கிய உறவினரை, அவர்கள் இல்லாவிட்டால் ரத்தத்தாலோ கல்யாணத்தாலோ சொந்தமான வேறொருவரை அழைத்து, இவள் கொடுப்பது உங்களுக்குத் தெரியுமா, ஆட்சேபம் உண்டா என்று விசாரிக்கும். விற்பனையைத் தடுக்க எழுதிய விதி. வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவளை எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆதாரில் ஒரு பேர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பேர் என்றால், மாவட்ட ஆட்சியர் தந்த திருநங்கைச் சான்றிதழை மேலே வை. இரண்டு பேரும் ஒருத்திதான் என்று முதலிலேயே தெரியட்டும்.

போனை எடுத்துத் தேடினாள். பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ. காக்கி நிஜாரில் ஒட்ட வெட்டிய தலையோடு ஒரு பையன், அவன் தோளில் கை போட்டபடி அந்தச் சினேகிதன்.

"இதைத்தான் பதினஞ்சு வருஷமா யாருக்கும் காட்டாம வச்சிருந்தேன்."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அம்மா வராதுண்ணே. தம்பிகிட்ட கேட்டுப் பாக்குறேன்." எழுந்து, சத்தம் குறைவாக இருந்த தெருவோரமாய்ப் போய் நம்பரைப் போட்டாள்.