ஸ்ரீ சிட்டி தகவல் தொழில்நுட்பக் கழகம்: 2017ஆம் ஆண்டின் வளர்ச்சி

சென்னை நகரிலிருந்து வடக்கே கல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில், சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில், தடா என்னும் ஊரை அடுத்து ஸ்ரீ சிட்டி என்ற தொழில் நகரம் அமைந்துள்ளது. இது சத்தியவேடு வட்டாரத்தைச் சேர்ந்த பகுதியாகும். இவ்வட்டாரத்துக் கிராமங்கள் பல ஒரு காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தில் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களில் இருந்தவை. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை ராஜ்யத்துடன் இணைந்தபோது, இவை ஆந்திரப் பிரதேசத்திற்கு மாற்றப்பட்டுச் சித்தூர் மாவட்டத்தின் பகுதியாயின. 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது இவ்விடம் புதிய திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் இங்குள்ள இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகம் சட்டத்தில் எழுதப்பட்டவாறு 'ஸ்ரீ சிட்டி, சித்தூர்' என்ற பெயரையே தாங்கி நிற்கிறது.

இக்கழகம் 2013இல் தொடங்கப்பட்டது. ஒரு கல்வி நிறுவனத்தின் வளர்ச்சியைக் கட்டிடங்களின் எண்ணிக்கையாலும் மாணவர் தொகையாலும் அளப்பதே வழக்கம். ஆனால் இந்நிறுவனத்தின் வரலாற்றில் தலையாய ஆண்டு எதுவெனில், 2017 என்றே கூறவேண்டும். தன் மாணவருக்குத் தானே பட்டம் வழங்கும் உரிமையை அது பெற்றது அவ்வாண்டில்தான். அவ்வுரிமை எத்தன்மையது, அது ஏன் காலந்தாழ்ந்து வந்தது என்பவை, மாணவருக்கு மேற்படிப்பு குறித்து ஆலோசனை கூறும் ஆசிரியர் யாவரும் அறிந்திருக்க வேண்டியவையாகும்.

நிறுவனம் தோன்றிய விதம்

தகவல் தொழில்நுட்பத்திற்கெனத் தனி உயர்கல்வி நிறுவனங்கள் நம் நாட்டில் 1990களின் இறுதியில் தோன்றலாயின. குவாலியர், அலகாபாத், ஐதராபாத், பெங்களூர் ஆகிய இடங்களில் அவை நிறுவப்பட்டன. பின்னர் ஜபல்பூரிலும் காஞ்சிபுரத்திலும் வடிவமைப்பு, உற்பத்தி ஆகியவற்றையும் இணைத்துப் பயிற்றும் நிறுவனங்கள் எழுந்தன. இவை போதா எனக் கண்ட மத்திய அரசாங்கம், மேலும் இருபது நிறுவனங்களை நிறுவும் திட்டத்திற்கு 2010இல் ஒப்புதல் அளித்தது.

இத்திட்டத்தின் பொருளாதார அமைப்பு புதுமையானது. ஒவ்வொரு நிறுவனத்திற்கும் மூலதனச் செலவு 128 கோடி ரூபாய் என வகுக்கப்பட்டது. இதில் நூற்றுக்கு 50 பங்கை மத்திய அரசாங்கமும், 35 பங்கை மாநில அரசாங்கமும், 15 பங்கைத் தொழில் துறையினரும் ஏற்கவேண்டும். அதாவது 64 கோடி, 44.80 கோடி, 19.20 கோடி ரூபாய் என்று பங்கீடு அமைகிறது. வடகிழக்கு மாநிலங்களில் மட்டும் தொழில் துறையின் பங்கு பாதியாகக் குறைக்கப்பட்டு, மத்திய அரசாங்கத்தின் பங்கு உயர்த்தப்பட்டது. நிலத்தை மாநில அரசாங்கம் இலவசமாக அளித்தல் வேண்டும். ஸ்ரீ சிட்டியில் தொழில் நகரத்தை அமைத்த நிறுவனத்தாரே தொழில் துறைப் பங்காளியாயினர்.

2013இல் முதலில் தொடங்கியவற்றுள் ஸ்ரீ சிட்டியுடன் கௌஹாத்தி, வடோதரா, கோட்டா, திருச்சிராப்பள்ளி ஆகியவையும் அடங்கும். நிரந்தரக் கட்டிடங்கள் எழும்வரை வகுப்புகளை நிறுத்திவைக்கவில்லை. கோட்டா நிறுவனத்தின் மாணவர் ஜெய்ப்பூரிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்திலும், திருச்சிராப்பள்ளி மாணவர் அந்நகரத்துத் தேசியத் தொழில்நுட்பக் கழகத்திலும் பயின்றனர். புதிய நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் முன்பே நிலைபெற்ற நிறுவனம் ஒன்று வழிகாட்டியாக நியமிக்கப்பட்டது. ஸ்ரீ சிட்டிக்கு வழிகாட்டியது ஐதராபாத் நிறுவனம். பாடத்திட்டம் வகுப்பதும், ஆசிரியர் தேர்வில் துணைநிற்பதும் வழிகாட்டும் நிறுவனத்தின் பொறுப்பாகும். நாற்றங்காலில் வளர்ந்த பயிரைப் பின்னர் வயலில் நடும் முறையை இது ஒத்தது எனலாம். 2014 ஜூனில் தெலங்கானா தனி மாநிலமானபோது, வழிகாட்டும் நிறுவனம் ஒரு மாநிலத்திலும் வழிகாட்டப்பெறும் நிறுவனம் மற்றொரு மாநிலத்திலுமாகப் பிரிய நேர்ந்தது.

நான்காண்டுக் கணக்கு

புதிய நிறுவனத்தின் தொடக்க ஆண்டுகளில் வளர்ச்சி எவ்வாறு நிகழ்கிறது என்பதை எளிய கணக்கினால் விளக்கலாம். ஆண்டுதோறும் 100 மாணவர் சேர்கின்றனர் என்று உதாரணத்திற்காகக் கொள்வோம். முதலாண்டில் நிறுவனத்தில் இருப்போர் 100 பேர். இரண்டாம் ஆண்டில் 200, மூன்றாம் ஆண்டில் 300, நான்காம் ஆண்டில் 400 ஆகின்றனர். சேர்க்கை சிறிதும் உயராமலே மாணவர் தொகை நான்கு மடங்காகிவிடுகிறது. வகுப்பறை, ஆய்வுக்கூடம், விடுதி, உணவுக்கூடம், ஆசிரியர் ஆகிய அனைத்தும் அதற்கு ஈடாகப் பெருகவேண்டும். அன்றியும், முதலாண்டு மாணவருக்குக் கணிதமும் அடிப்படை நிரல் எழுதுதலும் கற்பித்தால் போதும். நான்காம் ஆண்டினருக்குத் தனி ஆய்வுத் திட்டங்களும், அவற்றை நடத்திச் செல்லும் தேர்ந்த ஆசிரியரும் வேண்டும்.

இக்கணக்கின்படி 2016-17ஆம் கல்வியாண்டில்தான் ஸ்ரீ சிட்டியில் நான்கு ஆண்டுகளுக்குமுரிய வகுப்புகளும் முதன்முறையாக நிரம்பின. 2013இல் சேர்ந்த முதல் அணியினர் 2017 கோடையில் படிப்பை முடிக்கும் நிலையை அடைந்தனர். அப்போதுதான் பட்டம் பற்றிய வினா கூர்மையடைந்தது.

பட்டத்தின் பின்னுள்ள சட்டம்

நன்கு கற்பிக்கும் எந்த நிறுவனமும் பட்டம் வழங்கலாம் என்று பொதுமக்களிற் பலர் எண்ணுகின்றனர். இது தவறு. 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, பட்டம் வழங்கத் தகுதி பெற்றவை எவை என்பதை வரையறுக்கிறது. மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் ஒன்று. பல்கலைக்கழகமாகக் கருதப்பெறும் என்று அறிவிக்கப்பட்ட நிறுவனம் மற்றொன்று. பார்லிமெண்டின் சட்டத்தால் சிறப்பாக அதிகாரம் பெற்ற நிறுவனம் மூன்றாவது. இம்மூவகையுள் அடங்காத எதுவும் பட்டம் வழங்குதல் குற்றமாகும்.

தொடக்கத்தில் புதிய தகவல் தொழில்நுட்பக் கழகங்கள் சங்கங்களாகவே பதிவு செய்யப்பட்டிருந்தன. அரசாங்கம் முதலீடு செய்திருந்தும், மாணவர் கடுமையான நுழைவுத் தேர்வில் தேறி வந்திருந்தும், மேற்கூறிய மூன்று வகையுள் எதிலும் அவை அடங்கவில்லை. திருப்பதியிலுள்ள ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் வரலாறு இதற்கு மாறானது. 1954இல் முதலில் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. ஸ்ரீ சிட்டியிலோ மாணவர் முதலில் வந்தனர். சட்டம் பின்னர் வந்தது. நிறுவனத்தை விரைவில் தொடங்குவதால் நாட்டிற்கு நன்மை உண்டு. ஆனால் அவ்விரைவினால் எழும் ஐயத்தைச் சுமக்க நேர்வது மாணவரும் அவர்தம் பெற்றோருமே. நான்காண்டு உழைத்த பின் கையில் கிடைப்பது சான்றிதழா, பட்டமா என்பது மேற்படிப்பிற்கும் அரசாங்க உத்தியோகத்திற்கும் அடிப்படையான வினா அன்றோ!

2017இல் நிகழ்ந்தது

இந்நிலையில், அரசு - தனியார் கூட்டமைப்பில் இயங்கும் தகவல் தொழில்நுட்பக் கழகங்களுக்கான மசோதா 2017 ஜூலையில் பார்லிமெண்டின் இரு சபைகளிலும் நிறைவேறி, ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றுச் சட்டமாயிற்று. ஸ்ரீ சிட்டி உட்பட 15 நிறுவனங்கள் தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என அதில் அறிவிக்கப்பட்டன. சூரத், போபால், பாகல்பூர், அகர்தலா, ராய்ச்சூர் ஆகிய ஐந்தும் 2020இல் செய்யப்பட்ட திருத்தத்தால் இவ்வரிசையில் சேர்ந்தன.

இச்சட்டத்தால் ஒவ்வொரு நிறுவனமும் தனித்த சட்ட உருவம் பெற்றது. பட்டங்களையும் பட்டயங்களையும் வழங்கும் அதிகாரம் அதற்கு உண்டாயிற்று. நிர்வாகத்தை ஆளுநர் குழு கவனிக்கிறது. பாடம், தேர்வு முதலிய கல்வி விஷயங்களைக் கல்விப் பேரவை வகுக்கிறது. குடியரசுத் தலைவர் இந்நிறுவனங்களின் மேற்பார்வையாளராக விளங்குகிறார்.

அதிகாரத்துடன் பொறுப்பும் வந்து சேர்ந்தது. வினாத்தாள் அமைப்பது, விடைகளை மதிப்பிடுவது, தரத்தை நிலைநிறுத்துவது ஆகிய அனைத்திற்கும் இனி அந்நிறுவனமே விடை கூறவேண்டும். பட்டத்தாளில் வேறொருவர் பெயரைக் காட்டித் தப்பிக்க இயலாது. வளர்ச்சி என்ற சொல்லின் முழுப்பொருளும் இதில் அடங்கியுள்ளது.

இரு துறைகள்

கணிப்பொறி அறிவியல், மின்னணு மற்றும் தகவல் தொடர்புப் பொறியியல் என்னும் இரு துறைகளைக் கொண்டு ஸ்ரீ சிட்டி தன் பணியைத் தொடங்கியது. ஒன்று மற்றொன்றின்றிப் பயன்படாது. இதற்குத் திருப்பதிப் பகுதியிலேயே தக்க சான்று உண்டு. பாகாலாவை அடுத்த காதங்கியில் 1990களின் தொடக்கம் முதல் ஒரு வாயுமண்டல ராடார் இயங்கி வருகிறது. 1,024 ஏரியல்கள் கொண்ட அதன் பரப்பு, சுமார் 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வானொலி அலைகளை மேல்நோக்கிச் செலுத்துகிறது. காற்றின் கொந்தளிப்பினால் சிதறித் திரும்பும் மிக மெல்லிய எதிரொலியை வாங்குவது மின்னணுக் கருவியின் வேலை. அவ்வெதிரொலியில் காணும் அதிர்வெண் மாற்றத்திலிருந்து, எந்த உயரத்தில் எத்திசையில் எவ்வளவு வேகமாகக் காற்று வீசுகிறது என்று கணக்கிட்டுக் கூறுவது கணிப்பொறியின் வேலை.

வயலிலும் இதே முறைதான். மண்ணின் ஈரத்தை அறியும் சிறு உணர்கருவி ஒன்று நிலக்கடலை வயலில் புதைக்கப்படுவதாகக் கொள்வோம். அது அளிக்கும் மின்குறிப்பைத் தொலைவிற்கு அனுப்புவது ஒரு துறை. பல நாள் குறிப்புகளை ஒப்பிட்டு, நீர் பாய்ச்ச வேண்டிய நாளைச் சொல்வது மற்றொரு துறை. ஆனால் அந்த மண் எத்தன்மையது, கருவி பழுதடைந்து பொய்யான அளவைக் காட்டுகிறதா என்பதை நேரிற் கண்டு சொல்லக்கூடியவர் கள ஊழியரே. அவர் குறித்தனுப்பும் விவரம் பிழையாயின், எவ்வளவு சிறந்த கணிப்பொறியும் பிழையான விடையையே தரும்.

ஆசிரியர் கவனத்திற்கு

'டிரிபிள் ஐ.டி.' என்ற பெயர் ஆந்திரப் பகுதியில் இருவகை நிறுவனங்களைக் குறிப்பதால் குழப்பம் நேர்கிறது. ஸ்ரீ சிட்டியில் சேர, பன்னிரண்டாம் வகுப்பிற்குப்பின் அகில இந்தியக் கூட்டு நுழைவுத் தேர்வில் தரவரிசை பெறவேண்டும். கடப்பைப் பகுதியில் இடுபுலபாயா, கிருஷ்ணா நதிப் பகுதியில் நூஜிவீடு முதலிய இடங்களில் உள்ளவை வேறு. அவை 2008இல் மாநிலச் சட்டத்தால் நிறுவப்பட்ட ராஜீவ் காந்தி அறிவுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளாகங்கள். அங்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே கிராமப்புற மாணவரைச் சேர்த்து, ஆறாண்டு ஒருங்கிணைந்த கல்வி அளிக்கின்றனர். அரசுப் பள்ளி மாணவருக்குச் சலுகையும் உண்டு. எந்த மாணவன் எந்த வகுப்பில் எதற்கு முயலவேண்டும் என்பதை ஆசிரியர் காலத்தில் எடுத்துக் கூறாவிடில் ஒரு வாய்ப்பு கைநழுவிப் போகும்.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. கூட்டமைப்புத் திட்டத்தில் நிறுவப்பட்டவை தம் நடைமுறைச் செலவைக் காலப்போக்கில் தாமே ஈட்டவேண்டியவை. ஆகவே கல்விக் கட்டணம் ஏழைக் குடும்பத்திற்குச் சுமையாகலாம். உதவித்தொகை, கட்டணச் சலுகை, கல்விக் கடன் ஆகியவை பற்றிச் சேர்க்கைக்கு முன்பே விசாரித்தறிதல் நலம்.

2015இல் திருப்பதியில் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இந்திய அறிவியல் கல்வி ஆய்வுக் கழகமும் தொடங்கப்பட்டன. ஆக, சில ஆண்டுகளுக்குள் இச்சிறு பகுதி நாட்டின் கல்விப் படத்தில் முக்கிய இடம் பெற்றுவிட்டது. பெருநிறுவனங்கள் அருகில் இருக்கும் இடத்தில், அவற்றின் பெயரை ஒத்த பெயர் தாங்கிய தகுதியற்ற பள்ளிகளும் தலைகாட்டுதல் இயல்பு. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழு அவ்வப்போது வெளியிட்டு வருகிறது. ஆகவே மாணவனை எந்நிறுவனத்திற்கு அனுப்பினும், 'இங்கே பட்டம் வழங்குவது எந்தச் சட்டத்தின்படி?' என்ற வினாவை ஆசிரியர் முதலில் கேட்டல் வேண்டும். ஸ்ரீ சிட்டியின் முதல் மாணவருக்கு அவ்வினாவிற்கு விடை கிடைக்க நான்காண்டுகள் ஆயின. இன்று சேரும் மாணவன் அவ்விடையை முதல் நாளிலேயே பெறுகிறான்.