கொலைகளைத் தீர்ப்பு வரை எண்ணியவர்

சிவில் இன்ஜினியரிங் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ‘கம்பெல் முறை’ தெரிந்திருக்கும். நூறு ஆண்டுக்கு ஒருமுறை ஆற்றில் எவ்வளவு பெரிய வெள்ளம் வரலாம் என்று கணிக்கும் முறை அது. அதைத் தந்த ஜெர்மானியக் கணித அறிஞர் எமில் ஜூலியஸ் கம்பெல், அதற்கு முன்பே வேறொரு கணக்கும் போட்டவர். அது கொலைக் கணக்கு.

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியில், 1918 நவம்பரில் மன்னராட்சி போய்க் குடியரசு வந்தது. அதை ஏற்காத தீவிர வலதுசாரிகள் தொழிலாளர் தலைவர்களையும் குடியரசு ஆதரவாளர்களையும் கொன்றார்கள். ‘இரண்டு தரப்பும்தானே அடித்துக்கொள்கிறது’ என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. கம்பெல் அப்படிப் போகவில்லை. செத்தவர் யார், எங்கே, என்றைக்கு, கொன்றது யார், வழக்கு என்ன ஆனது என்று ஒவ்வொன்றாகத் திரட்டினார். 1922-ல் அதை நூலாக வெளியிட்டார்.

வலதுசாரிகள் செய்த கொலைகள் 354. அவற்றில் 326-க்குத் தண்டனையே இல்லை. இடதுசாரிகள் செய்தவை 22. அவற்றில் தண்டனை இல்லாமல் போனவை 4 மட்டுமே. இடதுசாரிகளில் 10 பேருக்கு மரண தண்டனை. வலதுசாரிகளில் ஒருவருக்கும் இல்லை. ஆட்சி மாறியிருந்தது, மன்னர் காலத்து நீதிபதிகள் மாறவில்லை.

நீதித்துறை அமைச்சகம் அவர் சொன்ன வழக்குகளைச் சரிபார்த்தது. பெரும்பாலும் உண்மை என்றே தெரிந்தது. ஆனாலும் அந்த அறிக்கையை அரசு அச்சிடவில்லை. 1924-ல் கம்பெலே அதை வெளியிட்டார். 1932-ல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் உரிமையை இழந்தார். மறு ஆண்டு ஆட்சிக்கு வந்த நாஜிகள் அவருடைய குடியுரிமையையும் பறித்தார்கள். தண்டிக்கப்படாத கொலைகளில் வளர்ந்த கூட்டம் அதற்குள் அரசாகவே ஆகிவிட்டிருந்தது.

கொலையை மட்டும் எண்ணினால் துயரம் தெரியும். தீர்ப்பு வரை எண்ணினால்தான் அநீதி தெரியும். 1968-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதும், 1973-ல் உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்ததும் சேர்ந்துதான் நம் வரலாறு.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995-ம் ஆண்டு விதிகளின்படி, மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். எத்தனை வழக்குப் பதிவானது, எத்தனையில் குற்றப்பத்திரிகை தாக்கலானது, எத்தனையில் தண்டனை கிடைத்தது என்று அங்கே நாம் கேட்க வேண்டும். படித்த பிள்ளைகள் அந்த மூன்று எண்களையும் ஊர்வாரியாக ஒரு நோட்டில் எழுதி வரட்டும்.