எடை குறையலாம், உறுதி குறையலாமா?

மூன்று சக்கரங்கள், ஓர் இருக்கை, முதுகுக்குப் பின்னால் ஒரு மோட்டார், தலைக்கு மேல் துணியால் ஆன முக்கோண இறக்கை. 'டிரைக்' எனப்படும் ஒற்றையாள் விமானம் இவ்வளவுதான். வால்கூடக் கிடையாது. பிறகு எப்படிப் பறக்கிறது?

இந்த இறக்கைக்கு வித்திட்டவர் அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் ரோகல்லோ. 1948இல் அவரும் மனைவி கெர்ட்ரூடும் திரைச்சீலைத் துணியைத் தைத்து மாதிரி இறக்கையைச் செய்து பார்த்தனர்.

விமானி அமரும் வண்டி, இறக்கையின் கீழ் ஊஞ்சல்போல் தொங்குகிறது. கையிலுள்ள குறுக்குக் கம்பியை முன்னே தள்ளினால் வண்டியின் பாரம் பின்னே நகரும். மூக்கு உயர்ந்து வேகம் குறையும். கம்பியைத் தன் பக்கம் இழுத்தால் மூக்கு தாழ்ந்து வேகம் கூடும். பாரத்தை இடம் மாற்றுவதே இதன் சுக்கான்.

எடையைக் குறைக்க ஏன் இத்தனை பாடு? எடை குறைந்தால் மெதுவாகப் பறக்கலாம், மெதுவாகவே தரையிறங்கலாம். வேகம் பாதியானால் மோதலின் தாக்கம் கால்பங்காகிவிடும். அமெரிக்காவில் 1982இல் வந்த விதி இதை ஒட்டியதே. வெற்று எடை 254 பவுண்டுக்கு, அதாவது சுமார் 115 கிலோவுக்குக் கீழே இருக்க வேண்டும். எரிபொருள் 19 லிட்டரைத் தாண்டக் கூடாது. மோட்டார் நின்றாலும் மணிக்குச் சுமார் 44 கிலோமீட்டர் வேகம்வரை இறக்கை விமானத்தைத் தாங்க வேண்டும்.

ஆனால் எல்லாவற்றிலும் எடையைக் குறைத்துவிட முடியாது. வண்டி முழுவதும் தொங்குவது ஒரே ஒரு போல்ட்டில். உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால் அதன்மீது விழும் சுமை இரு மடங்காகும். அதனால்தான் அது அறுந்தாலும் தாங்கிப்பிடிக்கத் துணைப்பட்டை ஒன்றையும் சேர்க்கிறார்கள்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. மூக்கைச் செங்குத்தாக உயர்த்தி வேகத்தை இழந்தால், மூக்கு சட்டெனக் கவிழ்ந்து விமானம் குட்டிக்கரணம் போடக்கூடும். தடுத்து நிறுத்த வால் இல்லை. இறக்கையின் பின்விளிம்பு கீழே சரியாதபடி மெல்லிய கம்பிகள் பிடித்திருக்கின்றன. சாதாரணப் பறத்தலில் அவை தளர்ந்து, வேலையற்றவைபோல் தோன்றும். எடையை மிச்சம் பிடிக்க அவற்றைக் கழற்றுவது உயிரோடு விளையாடுவதாகும்.

மேற்சொன்ன விதியே இதை உணர்த்துகிறது. ஆபத்துக் காலத்தில் விரியும் பாராசூட்டின் எடை அந்த 254 பவுண்டில் சேர்க்கப்படுவதில்லை. உயிர் காக்கும் பொருளை எடைக்கணக்குப் பார்த்து யாரும் விட்டுவிடக் கூடாதல்லவா!