ஒரு கத்திக்கு எத்தனை கிலோ கரி?

பரங்கிப்பேட்டை இரும்பாலையைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 1830-இல் வெள்ளாற்று முகத்துவாரத்தில் தொடங்கியது. ஐரோப்பிய முறை ஊது உலை வைத்து இரும்பு உருக்க இந்தியாவில் நடந்த ஆரம்பகால முயற்சிகளில் முக்கியமானது. அது நொடித்ததற்குக் கரித் தட்டுப்பாடு ஒரு பெரிய காரணம் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். கரின்னா எவ்வளவு கரி? கையால் தெரிந்துகொள்ளலாம் என்று சிதம்பரம் பக்கம் ஒரு கொல்லுப்பட்டறையில் ஒரு நாள் கத்தி அடிக்கக் கற்றுக்கொண்டேன்.

கச்சாப் பொருள், லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டை. அதில் கார்பன் அரை சதவீதத்துக்கு மேல். கட்டடக் கம்பியில் ஏறக்குறைய அதில் பாதிதான், அதனால் கம்பியில் அடித்த கத்திக்குக் கூர் நிற்காது. துருத்தி போய் மின்சார புளோயர் வந்துவிட்டது. மற்றபடி உலை, அடைகல், குறடு, சம்மட்டி எல்லாம் பழையதுதான்.

"தம்பி, சிவப்பு செத்துட்டா அடிக்காதீங்க, வெடிச்சிரும்" என்றார் பெரியவர். பட்டை ஆரஞ்சு நிறத்தில் வெளியே வந்தால் பத்து இருபது அடிக்குள் சிவப்பு செத்துவிடுகிறது. திரும்ப உலைக்குள். நாள் முழுக்க இதேதான். அடிக்கிற நேரத்தைவிடக் காயவைக்கிற நேரம்தான் அதிகம்.

கடைசியில் தோய்ச்சல். ஏறக்குறைய 770 டிகிரியில் இரும்பு காந்தத்தில் ஒட்டுவதை நிறுத்திவிடும். அதற்குச் சற்று மேலே கார்பன் இரும்புக்குள் கரைந்திருக்கும். சட்டென்று குளிர வைத்தால் வெளியேற நேரமில்லாமல் மாட்டிக்கொள்ளும். கடினம் அதனால்தான், கண்ணாடி மாதிரி உடைவதும் அதனால்தான். பெரியவர் காந்தமெல்லாம் வைக்கவில்லை. நிறம் பார்த்து வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் காட்டி எடுத்து, அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தார். முதுகில் மிச்சமிருந்த சூடு கீழே இறங்க, தேய்த்த இடத்தில் வைக்கோல் மஞ்சள் ஓடி வந்தது. அது 220 டிகிரி சுமாருக்கு. வாயைத் தொட்டதும் முழுசாக முக்கிவிட்டார். தெர்மாமீட்டர் இல்லாமல் எவ்வளவு துல்லியம் பாருங்கள்!

கணக்குக்கு வருவோம். கீரை அரிகிற ஒரு சின்னக் கத்திக்கு 4 கிலோ கரி போனது. ஒரு கிலோ கரிக்கு 5 கிலோ விறகு வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 20 கிலோ மரம். இது ஏற்கெனவே உருக்கி வைத்த எஃகை வளைக்க மட்டும்.

கல்லிலிருந்து இரும்பு எடுப்பது வேறு கணக்கு. அந்தக் காலத்து உலையில் ஒரு டன் இரும்புக்கு ஒரு டன்னுக்கு மேல் கரி, அதாவது குறைந்தது 5 டன் மரம். சேலத்துக் கனிமம் பரிசலில் கொள்ளிடம் வழியாக வந்தது. அதை ஆறு சுமந்தது. கரியை யார் சுமப்பது? தரிசு நிலக் காடுகளில் மரம் வெட்டக் கம்பெனி ஹீத்துக்கு உரிமை கொடுத்தது. ஆனால் பக்கத்துக் காடு தீரத் தீர வண்டித் தூரம் கூடும், கரி விலை ஏறும். அதே காலத்தில் இங்கிலாந்தில் நிலக்கரியிலிருந்து செய்த கோக்கில் மலிவாக இரும்பு கொட்டிக்கொண்டிருந்தது. 1870-கள் வருவதற்குள் பரங்கிப்பேட்டை உலைகள் அணைந்துவிட்டன.

"நெய்வேலி பக்கத்தில்தானே இருக்கு?" என்று கேட்பீர்கள். பழுப்பு நிலக்கரி ஊது உலையில் பாரம் தாங்காமல் நொறுங்கிவிடும், தெரிந்திருந்தாலும் உதவியிருக்காது.

பட்டறையில் நான் எரித்தது சீமைக்கருவேலங்கரி. வெட்ட வெட்ட முளைக்கிற மரம், ஊரெல்லாம் திட்டுகிற மரம். ஹீத் முதல் உலையை மூட்டியபோது அது இந்தியாவுக்கே வந்திருக்கவில்லை.